சகலன் தெரிவு செய்த அம்புத் தாங்கி

என்னிடம் ஒரு வேட்டை வில் இருக்கிறது. இந்த இங்கிலாந்தில் வில்லால் வேட்டையாடுவது குற்றம். ஆகவே என் அம்பு இதுவரை தைத்தவை எல்லாம் ரப்பர் மிருகங்கள்தான். அதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். உண்மையில் அவற்றுக்குப் பின்னால் நின்ற மரங்கள்தான் கூடுதலாக வாங்கியிருக்கின்றன.

வில் வாங்கிய கதை பெரிதாக ஒன்றுமில்லை. எனக்கும் என் சகலனுக்கும் ஒரே வருடத்தில் சீனி வருத்தம் பிடித்தது. அவர் என் மனைவியின் அக்காவைக் கட்டியவர். அக்காவும் தங்கையும் தொலைபேசியில் ஆலோசனை நடத்தி, ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் இருவரையும் வீட்டைவிட்டுத் துரத்துவதென்று முடிவெடுத்தார்கள். முதல் இரண்டு மாதம் பூங்காவைச் சுற்றி நடந்தோம். நடந்த நேரத்தைவிட மர வாங்கில் குந்தி இருந்து கதைத்த நேரம் கூட. பிறகு எசெக்ஸ் பக்கம் ஒரு மைதானத்தில் வில்வித்தை பழக்குகிறார்கள் என்று அவர்தான் கண்டுபிடித்தார். ஆறு கிழமை வகுப்பு, ஒன்றரை மாதம். அது முடிந்த கையோடு இருவரும் ஒரே கடையில் ஒரே மாதிரி வில் வாங்கினோம். அவருடையது கறுப்பு. என்னுடையதில் இலையும் தழையும் வரைந்திருக்கும், ரப்பர் மான் என்னைக் கண்டு ஓடிவிடக் கூடாது என்பதற்காக.

அவர் பார்க்கிங் நகரத்தில் மருந்துக்கடை நடத்துகிறவர். என்னைவிட ஆறு வயது மூத்தவர். சிரிப்பதற்கும் வைத்தியரிடம் துண்டு எழுதி வாங்கவேண்டும் என்பதுபோல முகத்தை வைத்திருப்பார். நான் குட்மேய்ஸில் இருந்துகொண்டு கார் ஓட்டப் பழக்குகிறேன். பழக்குகிறவர் இருக்கும் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கிற கார். ஓட்டப் பழகுகிறவர் எந்தச் சுவரை நோக்கிப் போனாலும் நான் பகிடி விட்டுக்கொண்டே அதை மிதிப்பேன். பதட்டமே இல்லாத ஆள் என்று சனம் எனக்குப் பெயர் வைத்திருக்கிறது. அந்த பிரேக் இல்லாத இடத்தில் சனம் என்னைப் பார்த்ததில்லை.

வில்லைக் கையில் எடுத்தால் பார்க்கலாம். நாணை இழுக்கத் தொடங்கும்வரை நான் நல்ல மனிதன்தான். வில்லில் குறி பார்க்கப் பூட்டிய முள் மானின் நெஞ்சைத் தொட்டதும் உள்ளே யாரோ நெருப்பு மணியை அடிப்பார்கள். இடது கை ஆடும். முழங்கால் அதைப் பார்த்துத் தானும் ஆடும். வில்லின் கைபிடிக்கு மேலே, அம்பு கிடப்பதற்கென்று ஒரு சின்னத் தாங்கி இருக்கும். நாங்கள் அதை ரெஸ்ட் என்போம். என்னிடம் இருந்தது மரக்கிளைபோல வெறும் இரண்டு கவர் வைத்த ரெஸ்ட். நான் ஆட, அதிலிருந்து அம்பு ‘டக்’ என்று கீழே விழும். எடுத்து வைப்பேன். திரும்பவும் ‘டக்’. மூன்றாம் தரம், இனி விழுந்தால் மானம் போய்விடும் என்ற பயத்தில் குறி பார்க்காமலே விட்டுவிடுவேன். அம்பு எசெக்ஸைப் பார்க்கப் போகும்.

வில் பிடிக்கிறவர்களிடையே இது பேர்போன வியாதி. எனக்கு அதை ஒப்புக்கொள்ள வெட்கம். ஆகவே விழுகிற ஒவ்வொரு அம்புக்கும் ஒரு பகிடி வைத்திருந்தேன். மான் கையெடுத்துக் கும்பிட்டது, விட்டுவிட்டேன் என்பேன். என்னுடையது சைவ அம்பு, மச்ச மாமிசத்தைக் கண்டால் தானாக விழும் என்பேன். வெள்ளைக்காரருக்கு அதை ஆங்கிலத்தில் விளக்கியும் சொல்வேன். எல்லாரும் சிரிப்பார்கள். சகலனும் சிரிப்பார் என்றுதான் நினைத்திருந்தேன்.

இலையுதிர் காலத்தில் எங்கள் சங்கம் காட்டுக்குள் ஒரு சோடிப் போட்டி வைக்கும். மரங்களுக்கு நடுவே இருபது ரப்பர் மிருகங்களை நிறுத்தியிருப்பார்கள். இருவர் சோடியாக நடந்துபோய் ஒவ்வொன்றுக்கும் மாறி மாறி அம்பு விடவேண்டும். இருவரின் புள்ளியையும் கூட்டித்தான் இடம் கொடுப்பார்கள். நாலு வருடம் நானும் அவரும் சோடி. கடைசியிலிருந்து பார்த்தால் நல்ல இடத்தில் வருவோம். அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. எனக்கு அண்ணன் தம்பி கிடையாது. நாலைந்து மணித்தியாலம் அந்த மனிதரோடு சருகுக்குள் நடந்து, ஒரு மரக்குற்றியில் இருந்து அவர் வீட்டு ரொட்டியையும் சம்பலையும் தின்கிற அந்த ஒரு நாளுக்காக நான் வருடம் முழுக்கக் காத்திருப்பேன். இதை அவரிடம் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் பகிடி என்றுதான் எடுத்திருப்பார்.

ஆனால் போன வருடம் அவர் கை திருந்திவிட்டது. அவர் அம்பு விடுவதைப் பார்க்க ஆட்கள் வந்து நிற்கத் தொடங்கினார்கள். என்னுடையது இப்படியே விழுந்துகொண்டிருந்தால் அந்தச் சோடியில் என் இடம் பறிபோய்விடும் என்று எனக்கு விளங்கியது. அந்தப் பயத்தில்தான் புது ரெஸ்ட் தேடத் தொடங்கினேன்.

தேடினேன் என்றால், ஒரு வகுப்புக்கும் அடுத்த வகுப்புக்கும் இடையில் காரை எங்காவது ஒதுக்கிவிட்டு, கைபேசியில் அமெரிக்காக்காரரின் வீடியோக்களைப் பார்த்தேன். அவர்கள் எல்லாரும் மரத்தில் ஏறி இருந்துகொண்டு குசுகுசுக்கிறார்கள். ரெஸ்டில் அம்பு உரசுகிற சத்தம் மானுக்குக் கேட்டுவிடும் என்று ஒருவர் கவலைப்பட்டார். மூன்று நாள் நானும் அந்தக் கவலையைப் பட்டேன். என்னுடைய மானின் காது அச்சில் வார்த்தது என்பது நாலாம் நாள்தான் நினைவுக்கு வந்தது.

கடைசியில் இரண்டு வகை மிஞ்சின. ஒன்று விழுகிற ரெஸ்ட். அம்பைக் கையால் ஏந்துவதுபோல ஏந்தி நிற்கும். நாணை விட்ட கணத்தில் அம்புக்கு வழிவிட்டுக் கீழே மடிந்துவிடும். அம்பு எதிலும் உரசாது. மற்றது பிரஷ். ஒரு வளையம், அதற்குள் சுற்றிவர விறைத்த தும்பு, நடுவில் ஒரு துளை. அம்பை அதற்குள் செருகிவிட்டால் வில்லைத் தலைகீழாகப் பிடித்தாலும் விழாது. ஆனால் அம்பு தும்புக்குள்ளால் உரசிக்கொண்டுதான் போகவேண்டும். என் மனம் விழுகிற ரெஸ்டில் போய் நின்றது. அது பார்க்கவும் வடிவு. கையாட்டத்துக்குப் போதுமா என்பதுதான் சந்தேகம்.

ஒரு ஞாயிறு மைதானத்திலிருந்து வரும்போது காரில் வைத்து அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பகிடி இல்லாமல் சொன்னேன். அம்பு விழுவது தற்செயல் இல்லை, எனக்கு உள்ளுக்குள் நடுங்குகிறது, குறி தெரிந்ததும் கண் இருட்டுகிறது என்றேன். இருபது வருடம் கார் பழக்கியவன் ஒரு ரப்பர் பன்றிக்குப் பயப்படுகிறேன் என்றும் சொன்னேன். இதை வேறு ஒருவருக்கும் சொல்லவேண்டாம் என்று கேட்டேன். அவர் தலையாட்டினார். “யோசியாதையும் ஐசே. உமக்கு ஏத்த ரெஸ்ட் ஒண்டை நான் பாத்து எடுத்துத் தாறன்” என்றார். எனக்குக் கண் கலங்கியது. கண்ணாடித் துடைப்பானைப் போட்டேன். வெளியே மழை இல்லை.

இந்த இடத்தில் போம் பற்றி, விண்ணப்பப் படிவங்கள் பற்றி, சொல்லவேண்டும். நான் இந்த நாட்டுக்கு வந்த நாள் முதல் என் போம்கள் எல்லாம் அவர் நிரப்பியவை. அகதி விண்ணப்பம், கவுன்சில் வீடு, குடியுரிமை, வீட்டுக் கடன், என் மகளின் பள்ளிக்கூடம், எல்லாம். எங்கள் ஆட்களில் ஒவ்வொரு குடும்பத்திலும் அப்படி ஒருவர் இருப்பார். ஆங்கிலம் தெரிந்தவர், கையெழுத்து வடிவானவர், அரசாங்கக் கந்தோர்க்காரருக்கு என்ன எழுதினால் பிடிக்கும் என்று அறிந்தவர். அவர் நிரப்பிவிட்டு, கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டுத் தருவார். நாங்கள் அந்தக் குறிக்குப் பக்கத்தில் கையெழுத்து வைப்போம். வாசிக்க மாட்டோம். எனக்கு இப்போது ஆங்கிலம் நன்றாக வரும், நாள் முழுக்க ஆங்கிலத்தில்தான் சத்தம் போடுகிறேன். ஆனாலும் அவர் போமை நீட்டினால் என் கண் அந்தப் பென்சில் குறியை மட்டும்தான் தேடும். வாசித்தால் அவரைச் சந்தேகப்பட்டதாகிவிடும்.

நான் என் நடுக்கத்தைச் சொன்னதற்கு இரண்டாவது ஞாயிறு, சோடிப் போட்டிக்கான போமை அவர் என் கார் பொனெற்றில் வைத்தார். அதிலும் பென்சில் குறி. நான் யாரோ ஒருவருக்குச் சைவ அம்புக் கதையைச் சொல்லிக்கொண்டே கையெழுத்து வைத்து, கீழே திகதியும் போட்டேன்.

அதிலிருந்து இன்னும் இரண்டு கிழமை போனபிறகுதான் கடைக்குப் போனோம்.

கடை ஒரு தொழிற்பேட்டைக்குள், சமையலறைக் கதவு விற்கிற ஒரு இடத்துக்குப் பின்னால் இருந்தது. கடைக்காரர் கிழவர், காதில் மயிர், பேச்சில் சிக்கனம். இரண்டு ரெஸ்டையும் கண்ணாடி மேசையில் வைத்தார். நான் விழுகிற ரெஸ்டைக் கையில் எடுத்து மடக்கி மடக்கிப் பார்த்தேன். ‘க்ளிக்’ என்று மடிந்து ‘க்ளிக்’ என்று எழும்பியது. எனக்கு அதை விட மனம் வரவில்லை. கடைக்காரர் என்னைப் பார்த்து, நீங்கள் எந்தப் பிரிவில் போட்டியிடுகிறீர்கள், அதைப் பொறுத்துத்தான் சொல்லலாம் என்றார். நான் வாயைத் திறக்குமுன் சகலன் பதில் சொன்னார். இவருக்குப் பிரிவெல்லாம் முக்கியமில்லை, அம்பு விழாமல் இருந்தால் போதும் என்றார்.

எனக்கு அது புதுமையாகப் படவில்லை. முப்பது வருடமாக மேசைக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர் என்னிடம் கேட்கிற கேள்விக்குச் சகலன்தான் பதில் சொல்கிறார்.

பிறகு என்னைத் தமிழில் ஒரு பக்கமாக இழுத்தார். “நீர் பிரஷ் எடும் ஐசே. மற்றது மினுக்கம். உம்மட கைக்கு அது சரிவராது.”

“போட்டிக்கு ஒண்டும் பிரச்சினை வராதோ அண்ணை?”

“நான் பாக்கிறன்.”

நான் பாக்கிறன். அந்தச் சொல்லை நம்பித்தான் நான் வீடு வாங்கியிருக்கிறேன். பிரஷ்ஷை வாங்கினேன்.

வீட்டுக்கு வந்த புதுச் சாமான் எதற்கும் என் மனைவி சந்தனமும் குங்குமமும் வைக்காமல் விடமாட்டார். சலவை இயந்திரத்துக்கு வைத்திருக்கிறார், மைக்ரோவேவுக்கு வைத்திருக்கிறார். ரெஸ்டை மேசையில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி ஊற்றப் போன இடைவெளியில் அதற்கும் வைத்துவிட்டார். வளையத்தில் வைத்தது கொஞ்சம் தும்புக்குள்ளும் போயிருக்கிறது. நான் கவனிக்கவில்லை. அடுத்த ஞாயிறு மைதானத்தில் முதல் அம்பை விட்டேன். அது தும்பைக் கிழித்துக்கொண்டு போக, என் கையெல்லாம் சிவப்பு. பக்கத்தில் நின்ற வெள்ளைக்கார மனிதர் கையைத் தூக்கி, எல்லாரும் நிறுத்துங்கள், ஆளுக்குக் காயம் என்று கத்தினார். முதலுதவிப் பெட்டியோடு இருவர் ஓடி வந்தார்கள். நானும் இரத்தம் என்றே நம்பிக் கதிரையில் இருந்துவிட்டேன். தலைசுற்றல்கூட வந்தது. சகலன் வந்து என் விரலை மணந்து பார்த்துவிட்டு, குங்குமம் என்றார். அன்றைக்கு அவர் உண்மையாகவே சிரித்தார். அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. இப்போது அதை நினைத்தால், அந்தச் சிரிப்புக்குள் வேறு என்னவெல்லாம் இருந்தது என்று தேடத் தோன்றுகிறது. அப்போது, அம்பு விழவில்லை என்பதைத் தவிர எனக்கு வேறொன்றும் தெரியவில்லை.

உண்மையாகவே விழவில்லை. கை பழையபடி ஆடியது, நெருப்பு மணி பழையபடி அடித்தது, ஆனால் அம்பு தும்புக்குள் அப்படியே இருந்தது. ஆடி ஓயும்வரை நிற்க எனக்கு நேரம் கிடைத்தது. என் இடம் தப்பிவிட்டது என்று நினைத்தேன்.

போட்டி அன்று காலை வழமைபோல எட்டரைக்குப் பார்க்கிங்கில் அவர் வீட்டுக்குப் போய் அவரை ஏற்றினேன். நாற்பது நிமிட ஓட்டம். காலநிலை பற்றிக் கதைத்தார். என் மகளின் வேலை பற்றிக் கேட்டார். வேறொன்றும் சொல்லவில்லை.

காட்டு வாசலில் ஒரு மேசை போட்டு, ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ஆசிரியை ஒருவர் எல்லாருடைய வில்லையும் பார்த்துக்கொண்டிருந்தார். என் வில்லைப் பார்த்துத் தலையாட்டினார், தன் தாளைப் பார்த்துத் தலையாட்டினார். திறந்த பிரிவு, நீல அட்டை, அந்தப் பக்கம் போய் நில்லுங்கள் என்றார். இல்லை, நானும் என் சகலனும் சாதாரண பிரிவில் சோடி என்றேன். அவர் பொறுமையாக விளக்கினார். சாதாரண பிரிவில் அம்பைச் சுற்றி வளைத்துப் பிடிக்கிற ரெஸ்டுக்கு அனுமதி இல்லை. கவர் வைத்தது சரி, விழுகிறது சரி, பிரஷ் மட்டும் சரியில்லை, அது எதையும் பூட்டலாம் என்கிற திறந்த பிரிவுக்குத்தான். சோடி இருவரும் ஒரே பிரிவில் இருக்கவேண்டும்.

எனக்கு வழமையான பதட்டம் தொடங்கியது. தெரியாமல் வாங்கிவிட்டோம், இப்போதே கழற்றுகிறேன், பழையது காரில் கிடக்கிறது, என்னுடைய சகலனின் நாள் என்னால் பாழாகக் கூடாது என்று அந்த மனுசியிடம் மன்றாடினேன். சகலனுக்காகத்தான் அவ்வளவு மன்றாட்டமும். ஆசிரியை என்னை விசித்திரமாகப் பார்த்தார். உங்கள் உறவினருக்கு ஒரு பிரச்சினையும் இல்லையே, அவருக்குச் சோடி இருக்கிறார் என்றார். போலந்துக்காரர் ஒருவர், சங்கத்தின் நல்ல கைகளில் ஒன்று. நீங்களும் திறந்த பிரிவைத்தானே கேட்டு எழுதியிருக்கிறீர்கள் என்று என் போமை எடுத்து முன்னால் வைத்தார்.

சகலனின் வடிவான கையெழுத்து. திறந்த பிரிவு. ரெஸ்ட் என்ற இடத்தில் பிரஷ். சோடி என்ற இடத்தில், இல்லை, சங்கம் சேர்த்துவிடட்டும். கீழே பென்சிலால் பெருக்கல் குறி, பக்கத்தில் என் கையெழுத்து. அதன் கீழ் நானே என் கையால் எழுதிய திகதி.

அந்தத் திகதியைத்தான் நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கு என் வில்லில் இருந்தது பழைய கவர் ரெஸ்ட். பிரஷ் கடைக்காரரின் அலுமாரிக்குள் இருந்தது. நான் எதை வாங்குவதென்று அறியாமல் வீடியோவில் அமெரிக்காக்காரரைக் கேட்டுக்கொண்டு திரிந்த காலம் அது. ரெஸ்ட் வந்த பிறகு போம் எழுதப்படவில்லை. போமில் எழுதியதற்கு ஏற்ற ரெஸ்டை என்னைக்கொண்டே வாங்கவைத்திருக்கிறார். என் நடுக்கத்தை நான் அவரிடம் சொன்னது உதவி கேட்டு. அவர் அதை என்னைக் கழற்றிவிடும் வழியாக எடுத்துக்கொண்டார்.

திரும்பிப் பார்த்தேன். அவர் போலந்துக்காரரோடு நின்று அம்புகளை எண்ணிக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. மாத்திரை எண்ணும்போதுகூட யாராவது வந்தால் நிமிர்ந்து பார்க்கிறவர்.

திறந்த பிரிவில் என்னைச் சேர்த்தது ஒரு பெரிய உடம்புக்காரரோடு. அவர் வில்லில் தொலைநோக்கி முதல் எல்லாம் பூட்டியிருந்தது. தேத்தண்ணி கொதிக்க வைக்க ஒரு கேத்தில் மட்டும்தான் இல்லை. நல்ல மனிதர், ஆனால் கதைக்க மாட்டார். இருபது மிருகத்துக்கும் நாங்கள் மௌனமாக நடந்தோம். என் அம்பு ஒருமுறையும் விழவில்லை. கரடியின் நெஞ்சில் தைத்தேன். பன்றியின் நெஞ்சில் தைத்தேன். ஐந்து வருடத்தில் அதுதான் என் நல்ல நாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவர் தந்த மருந்து பொய்யாக இருந்திருந்தால் மனிதர் கள்ளன் என்று ஒரே சொல்லில் முடித்திருப்பேன். மருந்து வேலை செய்தது. மத்தியானம் ஒரு மரக்குற்றியில் இருந்து, சங்கக்காரர் விற்ற முட்டை சாண்ட்விச்சைத் தின்றேன். மரங்களுக்கு அந்தப் பக்கம் எங்கேயோ ரொட்டிப் பெட்டி திறந்திருக்கும் என்று நினைக்காமல் இருக்கப் பார்த்தேன்.

அவரும் போலந்துக்காரரும் இரண்டாம் இடம். ஒரு சின்ன மரக் கேடயம் கொடுத்தார்கள். எல்லாரோடும் சேர்ந்து நானும் கை தட்டினேன். பிறகு இருவரும் ஒரே காரில் ஏறவேண்டியிருந்தது. இதைவிடக் கொடுமையான பகிடியை நானே யோசித்திருக்க முடியாது.

பின் சீட்டில் இரண்டு வில், நடுவில் கேடயம். நான்தான் தொடங்கினேன்.

“அண்ணை, அந்தப் போம் நிரப்பேக்கை என்னட்டைப் பழைய ரெஸ்ட்தானே இருந்தது.”

“ஓம்.”

“பிறகு பிரஷ் எண்டு எப்பிடி எழுதினனீங்கள்?”

“நான் சொன்னால் நீர் அதைத்தானே வாங்குவீர்.”

மறுப்பார் என்று எதிர்பார்த்திருந்தேன். மறுத்திருந்தால் எனக்குச் சண்டை பிடிக்க ஒரு பிடி கிடைத்திருக்கும்.

“இந்த முறை வேறை ஆளோடை போறன் எண்டு ஒரு வசனம் சொல்லியிருக்கலாமே. நான் விலகியிருப்பன்.”

“விலகியிருப்பீர். விலகிப்போட்டு, கலியாண வீடு, சாமத்திய வீடு எல்லாத்திலையும் அதை ஒரு பகிடியாச் சொல்லுவீர். சகலன் என்னைக் கழட்டி விட்டிட்டார் எண்டு. எல்லாரும் சிரிப்பினம். நானும் பக்கத்திலை இருந்து சிரிக்கவேணும்.”

அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு தொடர்ந்தார். அவ்வளவு நீளமாக அவர் கதைத்து நான் கேட்டதில்லை.

“நாலு வருஷம் ஐசே. உம்மட அம்பு விழும். நீர் பகிடி விடுவீர். சனம் கெக்கட்டம் விட்டுச் சிரிக்கும். அந்தச் சிரிப்பு அடங்க முன்னம் அடுத்தது நான் நிண்டு குறி பாக்கவேணும். நான் எத்தினை தரம் தவற விட்டனான் எண்டு உமக்குத் தெரியுமோ? நீர் திரும்பிப் பாத்தாத் தானே. எனக்கும் ஒருக்கா வெல்ல ஆசை இருக்காதோ?”

எனக்கு வாய்க்குள் மூன்று பகிடி வந்து வரிசையில் நின்றது. எதைச் சொன்னாலும் அவர் சொன்னது உண்மையாகிவிடும். அந்த யோசனையில் சிவப்பு விளக்கை நான் காணவில்லை.

கார் குலுங்கி நின்றது. மிதித்தது நான் இல்லை. அவருடைய கால் அவர் பக்கத்து பிரேக்கில் இருந்தது. எங்களுக்கு முன்னால் ஒரு கிழவி தள்ளுவண்டியோடு ஆறுதலாகக் கடந்துபோனார். அந்தக் கார் வாங்கியதிலிருந்து என்னைத் தவிர வேறு யாரும் அந்த பிரேக்கை மிதித்ததில்லை. என் கை ஸ்டியரிங்கில் நடுங்கிக்கொண்டிருந்தது, மானைக் கண்டதுபோல. அவர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டுக் காலை எடுத்தார். விளக்கு பச்சையானது.

அதற்குப் பிறகு பார்க்கிங்வரை நான் கேட்க நினைத்தவை நிறைய. என்னுடைய நடுக்கத்தைப் பற்றி அந்தப் போலந்துக்காரருக்குச் சொன்னாரா என்று கேட்க நினைத்தேன். கடையில் நான் அந்த மற்ற ரெஸ்டைக் கையில் வைத்து மடக்கிக்கொண்டு நின்றபோது அவருக்கு ஒரு நிமிடமாவது மனம் மாறியதா என்று கேட்க நினைத்தேன். முப்பது வருடத்தில் வேறு எந்தெந்தப் போமில் என்னென்ன எழுதியிருக்கிறீர்கள் என்று கேட்க நினைத்தேன். இந்தக் கடைசிக் கேள்வி நியாயமில்லாதது என்று எனக்கே தெரியும். அவர் நிரப்பிய போமில்தான் நான் இந்த நாட்டில் இருக்கிறேன். ஆனாலும் அந்தக் கேள்வி வந்துவிட்டது. இனி அதைத் திரும்ப உள்ளே அனுப்ப முடியாது. அவர் என்னிடமிருந்து எடுத்தது சோடியில் ஒரு இடம் மட்டும் என்றால் நான் எப்படியாவது சமாளித்திருப்பேன்.

அவர் வீட்டு வாசலில் நிறுத்தினேன். வில்லை எடுத்தார். கேடயத்தை எடுக்கக் கொஞ்சம் தயங்கினார். எடுத்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டார். பிறகு குனிந்து கார் யன்னலால் பார்த்தார்.

“உம்மட அம்பு இண்டைக்கு ஒருக்காலும் விழேல்லையாம். கேள்விப்பட்டன்.”

“ஓம். விழேல்லை.”

“அது உமக்குச் சரியான சாமான். அதிலை நான் பொய் சொல்லேல்லை.”

“தெரியும் அண்ணை.”

வில்லை மற்றத் தோளுக்கு மாற்றினார். “அடுத்த ஞாயிறு எட்டரைக்கோ?”

“நீங்கள் உங்கட காரிலை வாங்கோ. நான் என்ர பாட்டிலை வாறன்.”

அவர் தலையாட்டினார். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகும்படி கேட்கவில்லை. அவர் கேட்காமல் விட்டதும் அதுதான் முதல் தடவை. அல்லது நான் இயந்திரத்தை நிறுத்தாமல் இருந்ததைக் கவனித்திருப்பார்.

வீட்டில் மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். எப்படிப் போனது என்று கேட்டார். ஞாயிறு பின்னேரம் நான் சொல்கிற கதைக்கு அவர் எப்போதும் ஆயத்தமாக இருப்பார். விழுந்த அம்பு, தப்பிய மான், மரத்தில் தொங்கிய மானம் என்று நான் நடித்துக் காட்டுவேன், அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பார். அன்றைக்கும் அக்காவின் கணவர் கேடயம் வென்றதை எங்களுக்கு முன்னமே தொலைபேசி கொண்டுவந்து சேர்த்திருந்தது. நான் வில்லை மேசையில் வைத்துவிட்டு, கையெழுத்து வைத்தது முதல் சிவப்பு விளக்குவரை நடந்ததை நடந்தபடி சொன்னேன். ஒரு சொல் கூட்டவில்லை. அவருடைய அக்காவின் புருசன் என்பதற்காக ஒரு சொல் குறைக்கவும் இல்லை.

முடிந்ததும் அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பதற்கான இடம் இன்னும் வரவில்லை என்று நினைத்திருக்கவேண்டும். உதட்டோரத்தில் அதற்கு ஆயத்தமும் இருந்தது.

“பிறகு?” என்றார்.

“பிறகு ஒண்டும் இல்லை. அவ்வளவுதான்.”

அவர் கத்தியைக் கீழே வைத்தார். இந்த முறை சிரிக்கவில்லை.